உங்களுக்குத் தெரியுமா? – பருவும் கத்தரிக்காய் மேல் போட்ட பழியும்

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் உள்ள நாரந்தனையில் ஒரு பிள்ளையின் நெற்றியில் நாலு பரு கிளம்பினால் போதும், வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் ஒரு காரணத்தோடு வருவார்கள். "கத்தரிக்காய் கிரந்தி, குடுக்காதை பிள்ளை" என்பார் அம்மம்மா. "சூடை மீனும் கூடாது" என்பார் மாமி. ரொறன்ரோவிலிருந்து வீடியோவில் வரும் சித்தி அங்கே விற்கிற ஏதோ ஒரு கிறீமின் பெயரைச் சொல்லுவார். பக்கத்து வீட்டு அக்கா, "ஒழுங்கா முகம் கழுவுறேல்லைப் போல" என்று முடித்துவைப்பார். இவற்றில் எது தேறும், எது தேறாது?

உள்ளங்கையில் பரு வராது

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் நெய்ச்சுரப்பி கிடையாது. அதனால் அங்கே பருவும் கிடையாது. முகத்திலோ ஒரு சதுர சென்ரிமீற்றருக்குள் 400 முதல் 900 சுரப்பிகள் வரை இருக்கலாம். மேல்முதுகிலும் நெஞ்சிலும் இவை நெருக்கமாக உள்ளன. பூப்படையும் வயதை ஒட்டி அன்ட்ரஜன் ஓமோன்கள் கூடும்போது (பெண் பிள்ளைகளின் உடம்பிலும் அவை சுரக்கின்றன) சுரப்பி பருத்து நெய்யைக் கூடுதலாகச் சுரக்கிறது. மயிர்த்துளையின் உட்சுவரிலிருந்து உதிரவேண்டிய கலங்கள் உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டி வாயை அடைக்கின்றன. அடைபட்ட நெய்யில் பற்றீரியா பெருகுகிறது. உடம்பு அதை எதிர்க்கப் போய் அந்த இடம் சிவந்து, வீங்கி, சீழ் கட்டுகிறது.

கத்தரிக்காய் இந்தக் கதையில் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நேற்றுச் சாப்பிட்ட இறால் நிரபராதி

கண்ணாடியில் இன்று தெரிகிற பரு இன்று பிறந்ததல்ல. துளைக்குள் அடைப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் தொடங்கி, வெளியே முட்டிக்கொண்டு வர ஏறக்குறைய 8 வாரங்கள் எடுக்கலாம். முதல்நாள் மத்தியானம் தின்ற இறாலையும் மறுநாள் காலை எழும்பின பருவையும் முடிச்சுப் போடுவது அதனால்தான் சரிவராது. மருந்துக்கும் இதே கணக்குத்தான். பூசத் தொடங்கி இரண்டு, மூன்று மாதம் பொறுக்கவேண்டும். பத்து நாளில் "இது சரிவரேல்லை" என்று எறிந்துவிட்டு அடுத்த கிறீமுக்குப் போகிறவர்களே அதிகம்.

கரும்புள்ளி அழுக்கல்ல

மூக்கில் தெரியும் கரும்புள்ளியின் கறுப்பு, அடைப்பின் வாய் திறந்து காற்றுப் பட்டதாலும் தோலின் நிறமியான மெலனினாலும் வந்தது. தேய்த்துக் கழுவினால் போகாது. ஒரு நாளில் இரண்டு தரம், வேர்த்து விறுவிறுத்தால் இன்னொரு தரம் கழுவினால் போதும். சொரசொரப்பான தூள் போட்டு உரஞ்சுவது அழற்சியைக் கூட்டும்.

அந்தப் பற்றீரியா எல்லோரிடமும் உண்டு

பரு இல்லாத முகத்திலும் அது குடியிருக்கிறது. 2016இல் அதன் பெயரைக்கூட மாற்றினார்கள்: புரோப்பியோனிபற்றீரியம் அக்னெஸ் என்றிருந்தது கியூற்றிபற்றீரியம் அக்னெஸ் ஆனது. பரு தொற்றாது. பரு வந்த பிள்ளையைத் தனித் துவாய்க்கு ஒதுக்கத் தேவையில்லை.

"கிரந்தி" என்று சொல்லும் முன்

கத்தரிக்காயோ சூடை மீனோ முகப்பருவை உண்டாக்குகிறது என்று காட்டிய நம்பகமான ஆய்வு கிடையாது. கடலுணவில் அயடீன் இருக்கிறதே என்று கேட்கலாம். அளவுக்கு மீறிய அயடீன், மருந்தாக எடுக்கும்போது, பருப்போன்ற கொப்புளங்களைக் கிளப்புவது உண்மை. சோற்றுக்கு ஊற்றும் மீன் குழம்பு அந்தக் கணக்கில் வராது. சிலருக்கு இறாலும் நண்டும் ஒவ்வாமல் உடம்பு தடித்துக் கடிப்பது உண்டு. அது ஒவ்வாமை, பரு வேறு. தீவில் பிறந்த பிள்ளைக்கு மீனைத் தடுப்பது எனக்குப் பெரிய அநியாயமாகவே படுகிறது.

ஒரு பரு கூட இல்லாத தீவு

பப்புவா நியூகினியில் கிட்டாவா என்றொரு தீவு. அங்கே 1,200 பேரைப் பரிசோதித்ததில் ஒருவரிடமும் பரு காணப்படவில்லை. அவர்களில் 300 பேர் 15க்கும் 25க்கும் இடைப்பட்டவர்கள், அதாவது பரு கொட்டோ கொட்டென்று கொட்டவேண்டிய வயதினர். பரகுவேயின் காட்டில் வாழும் ஆச்சே மக்கள் 115 பேரிடமும் இதே நிலை. லோரன் கோர்டெய்னும் கூட்டாளிகளும் 2002இல் இதை வெளியிட்டபோது தோல் மருத்துவ உலகில் பெரிய வாக்குவாதம் எழுந்தது. பரம்பரையாக இருக்கலாமே என்றார்கள் சிலர். ஆனால் நவீன சாப்பாட்டுக்கு மாறிய பசிபிக் தீவினருக்குப் பரு வருகிறது.

கிட்டாவாவில் என்ன சாப்பிடுகிறார்கள்? கிழங்கு வகைகள், பழம், மீன், தேங்காய். பாண் இல்லை, சீனி இல்லை, பால்மா இல்லை. தேங்காயும் மீனும் நாரந்தனைக் குசினியிலும் உண்டு. வித்தியாசம் மற்றப் பக்கத்தில் இருக்கிறது.

பாணும் சீனி போட்ட தேத்தண்ணியும்

2007இல் அவுஸ்திரேலியாவில் 15 முதல் 25 வயது வரையான 43 ஆண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு வழமையான மாச்சாப்பாடு. மற்றக் கூட்டத்துக்குக் குருதியில் வெல்லத்தைச் சட்டென்று ஏற்றாத சாப்பாடு. 12 வாரம் கழிய, இரண்டாம் கூட்டத்தினருக்குப் பரு தெளிவாகக் குறைந்திருந்தது. வெல்லம் சடுதியாக ஏறினால் இன்சுலின் ஏறும். இன்சுலினும் அதன் உறவான ஐ.ஜி.எஃப்.-1 ஓமோனும் நெய்ச்சுரப்பியைத் தூண்டும். காரணம் அதுதான்.

இங்கே ஒரு கசப்பான செய்தி: பனங்கட்டியும் பெரும்பாலும் சுக்குரோசுதான். ஊர்ப் பொருள் என்பதற்காகச் சுரப்பி அதற்குச் சலுகை காட்டாது. கடித்துக்கொண்டு குடிக்கும்போது உள்ளே போகிற அளவு, மூன்று கரண்டி சீனி கரைத்துக் குடிப்பதைவிடக் குறைவு என்பது மட்டுமே பனங்கட்டியின் பக்கம் சொல்லக்கூடியது.

பாலுக்கும் ஒரு பங்கு உண்டு

அமெரிக்கத் தாதிமார் 47,355 பேரின் பதிவுகளைக் கொண்டு 2005இல் வந்த ஆய்வில், பதின்ம வயதில் கூடுதலாகப் பால் குடித்தவர்கள் தங்களுக்குக் கடும் பரு இருந்ததாகக் கூடுதலாகச் சொன்னார்கள். கொழுப்பு நீக்கிய பாலில்தான் அந்தத் தொடர்பு பலமாக இருந்தது. ஆகவே பாலின் கொழுப்பைக் குற்றஞ்சாட்ட முடியாது. இது நினைவிலிருந்து சொன்னதை வைத்துச் செய்த ஆய்வு. பால்தான் காரணம் என்று இதைக்கொண்டு அடித்துச் சொல்ல முடியாது. பரு கடுமையாக உள்ள பிள்ளைக்கு மாப்பாலை இரண்டு, மூன்று மாதம் நிறுத்திப் பார்ப்பதில் தவறில்லை. கல்சியத்துக்கு நெத்தலியும் கீரையும் இருக்கின்றன.

ஜிம்முக்குப் போகிற தம்பிமாருக்குத் தனியாக ஒன்று. மோர்ப்புரதத் தூளை, அதாவது 'வே புரோட்டீனை', கரைத்துக் குடித்த ஐந்து பதின்மவயதுப் பையன்களின் பரு எந்த மருந்துக்கும் மசியாமல் நின்றதை 2012இல் அமெரிக்க மருத்துவர் ஒருவர் எழுதினார். ஸ்காபரோவில் மருமகன் பரு மருந்தை மாற்றி மாற்றிப் பூசுகிறாரென்றால், முதலில் அவருடைய அலுமாரியில் உள்ள பெரிய பிளாஸ்ரிக் டப்பாவைப் பற்றிக் கேளுங்கள்.

சொக்லேற்?

1969இல் 65 பேருக்குச் சொக்லேற்றும், சொக்லேற் மாதிரியே செய்த போலிக்கட்டியும் கொடுத்துப் பார்த்து, வித்தியாசமில்லை என்றார்கள். பிறகுதான் பிழை பிடிபட்டது: போலிக்கட்டியிலும் கிட்டத்தட்ட அதே அளவு சீனியும் கொழுப்பும் இருந்தன. வழக்கு இன்னும் முடியவில்லை.

இரட்டைப் பின்னலும் நெற்றிப் பருவும்

தலைமுடி ஓரமாக, நெற்றியிலும் கன்னப்பொறியிலும் மட்டும் சின்னச் சின்னதாக, சிவக்காத பருக்கள் வரிசையாக இருந்தால் எண்ணெய்ப் போத்தலைப் பாருங்கள். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ஆல்பேட் கிளிக்மனும் சகாக்களும் 1970இல் இதற்குத் தனிப்பெயரே கொடுத்தார்கள்: தலைப்பூச்சுப் பரு. முடிக்குத் தடிப்பான எண்ணெயும் களிம்பும் பூசியவர்களின் நெற்றியில் அதைக் கண்டார்கள். (பரு மருத்துவத்தில் பாதி இந்த கிளிக்மனின் பெயரில்தான் இருக்கிறது. பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பேர்க் சிறைக் கைதிகள்மேல் அவர் நடத்திய பரிசோதனைகள் பின்னால் பெரும் அவப்பெயராயின என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.)

நம்முடைய பள்ளிக்கூடப் பிள்ளைகள் காலையில் தேங்காய் எண்ணெய் வைத்து, படிய வாரி, இரட்டைப் பின்னல் பின்னி, வெயிலில் சைக்கிள் மிதிக்கிறார்கள். எண்ணெய் வேர்வையோடு நெற்றியில் இறங்குகிறது. தேங்காய் எண்ணெய் துளையை அடைக்கும் எண்ணெய்களில் ஒன்று. அதைச் சாப்பிடுவதற்கும் முகத்தில் பூசுவதற்கும் நிறைய வித்தியாசம். எண்ணெய் வைக்கவேண்டாம் என்று நான் சொன்னால் நாரந்தனைக்குள் கால் வைக்க முடியாது. இரவில் முடியின் நுனிப்பக்கத்துக்கு வைத்து, காலையில் அலசிவிட்டுப் பின்னலாம். தலையணை உறையையும் அடிக்கடி மாற்றவேண்டும், முந்தின இரவின் எண்ணெய் கன்னத்துக்கு வருவது அதன் வழியாகத்தான்.

சாமத்தியவீட்டு மேக்கப்

நெற்றியிலும் மூக்கிலும் முதற்பருக்கள் வருவது பல பிள்ளைகளுக்குப் பெரியபிள்ளை ஆவதற்கு முன்பே நடக்கும். நெய்ச்சுரப்பி விழித்துக்கொள்ளும் அந்த வயதில்தான் நாம் மண்டபம் எடுத்து, அலங்காரக்காரரைக் கூப்பிட்டு, பன்னிரண்டு வயது முகத்தில் அடுக்கடுக்காகப் பூசி, மின்விளக்கு வெக்கையில் மணிக்கணக்காக நிற்கவைக்கிறோம். ஒரு நாள் மேக்கப்பால் பெரிய கேடு வராது. அன்றிரவே கழுவாமல் படுத்தால்தான் கரைச்சல். அதைவிடக் கரைச்சல், "படத்துக்கு முகம் தெளிவா இருக்கோணும்" என்று ஒரு மாதம் முன்பிருந்தே பூசத் தொடங்கும் பேரில்லாத கிறீம். அதற்கு வருவோம்.

மூன்று நாளில் முகம் வெளுத்தால் பயப்படுங்கள்

இந்தப் பக்கத்தில் ஒன்றைத்தான் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள். பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் போன்ற ஸ்ரீரொயிட் கலந்த கிறீம்கள் பூசிய சில நாளிலேயே சிவப்பை அடக்கும், முகத்தை வெளுக்கச் செய்யும். "அருமையான சாமான்" என்று வாய்வழியாகப் பெயர் பரவும். சில வாரம் போக, ஒரே அளவான சின்னச் சின்னப் பருக்கள் முகம் முழுக்கக் கிளம்பும். தோல் மெலிந்து, நரம்பு நரம்பாகச் சிவப்புக் கோடு தெரியும். நிறுத்தினால் முகம் எரியும், பரு இரட்டிப்பாகும். பயத்தில் திரும்பப் பூசுவார்கள். இந்தச் சுழலிலிருந்து வெளியே வரப் பல மாதங்கள் போகும்.

இந்தியாவில் 12 தோல் சிகிச்சை மையங்களில் முகத் தோல் வருத்தத்தோடு வந்த 2,926 பேரைப் பார்த்து 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 433 பேர் முகத்தில் ஸ்ரீரொயிட் பூசிவந்தவர்கள். அவர்களில் 392 பேருக்குப் பக்கவிளைவு. அந்த விளைவுகளில் முதலிடம் பருவுக்கே: புதிதாக வந்தது, அல்லது இருந்தது கடுமையானது. 2018இல் இந்திய அரசு 14 ஸ்ரீரொயிட் பூச்சுக்களை மருத்துவச் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் போட்டது.

வெள்ளையாக்கும் கிறீம்கள் சிலவற்றில் பாதரசமும் இருக்கும். அது சிறுநீரகத்துக்கு ஆகாது. உள்ளே என்ன இருக்கிறதென்று எழுதாத டப்பாவை, அது எந்த நாட்டிலிருந்து எந்தச் சொந்தக்காரர் கொண்டுவந்ததென்றாலும், முகத்தில் வைக்காதீர்கள்.

கிணற்றுத் தண்ணி

தீவுப்பகுதிக் கிணறுகள் பல சவர். நன்னீர்க் கிணறென்றாலும் சுண்ணக்கல்லினூடாக வருவதால் வன்னீர்தான். சவர்க்காரம் லேசில் நுரைக்காது. நுரைக்காத சவர்க்காரம் படிவாகித் தோலில் ஒட்டி நின்று காயவைக்கும், எரிச்சல் தரும். இதனால் மட்டும் பரு வராது. ஆனால் பரு மருந்து பூசிக் காய்ந்திருக்கும் முகம் அதைத் தாங்காது. மென்மையான, காரமில்லாத முகக்கழுவியைக் கொஞ்சமாகப் போட்டு, தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவுவது நல்லது.

விதையில்லையேல் பருவில்லை

பருவமடையும் முன் விதை நீக்கப்பட்ட ஆண்களுக்குப் பரு வருவதில்லை, ஆண் ஓமோன் ஊசி கொடுத்தால் வருகிறது. இதை 1941இல் எழுதியவர் அமெரிக்கரான ஜேம்ஸ் ஹமில்ரன்.

தாய் தகப்பனைப் பார்த்தால் தெரியும்

இலண்டனில் 458 ஒருசூல் இரட்டைச் சோடிகளையும் 1,099 இருசூல் சோடிகளையும் ஒப்பிட்டு 2002இல் வந்த ஆய்வு, ஆளுக்காள் பருவில் உள்ள வித்தியாசத்தில் 81 வீதம் பரம்பரையால் என்றது. அப்பாவின் கன்னத்தில் பழைய குழிகள் இருந்தால் மகனைத் திட்டுவதை விட்டு, நேரத்தோடு வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

சோதனைக் காலத்துப் பரு

ஓ.எல்., ஏ.எல். நெருங்கும்போது முகம் பொரிந்துபோவது மனப்பிரமை இல்லை. சிங்கப்பூரில் 94 மாணவர்களைச் சோதனைக் காலத்திலும் விடுமுறையிலும் பார்த்தார்கள். அழுத்தம் கூடிய காலத்தில் பரு மோசமாகியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், முகத்தின் நெய் கூடவில்லை. அழுத்தம் வேறு வழியால், பெரும்பாலும் அழற்சி வழியால், வேலை செய்கிறது போலும்.

நாடியில் மட்டும் பருவா?

ஹெல்மெட் வார் உரஞ்சும் இடத்தைப் பாருங்கள். உரசலும் வேர்வையும் அழுத்தமும் பருவைக் கூட்டும் என்று 1975இலேயே எழுதிவிட்டார்கள். கொரோனாக் காலத்து முகக்கவசம் அதை உலகம் முழுக்க நினைவூட்டியது. வள்ளத்து இயந்திரம் கழற்றிப் பூட்டுகிறவர்களுக்கு இன்னொரு வகை: ஓயில் ஊறின உடுப்பு படும் தொடையிலும் முன்கையிலும் வரும் எண்ணெய்ப் பரு. உடுப்பை மாற்றினாலே பாதி போய்விடும்.

கடித்தால் அது பரு அல்லாமலும் இருக்கலாம்

நெற்றி, நெஞ்சு, முதுகில் ஒரே அளவில் நெருக்கமாகப் பொரிந்து, வேர்க்க வேர்க்கக் கடித்தால், அது மலசீசியா என்ற பங்கசு மயிர்த்துளையில் செய்யும் வேலையாக இருக்கலாம். பங்கசு மருந்தில் மாறும். பரு என்று நினைத்து நுண்ணுயிர்கொல்லி குடித்தால் கூடும். வெக்கையும் ஈரக்காற்றும் உண்மையான பருவையும் மோசமாக்கும்: இரண்டாம் உலகப் போரில் வெப்ப நாடுகளுக்கு வந்த படையினர் சிலருக்கு முதுகெல்லாம் கட்டிகட்டியாகக் கிளம்பி, குளிர்தேசத்துக்குத் திருப்பி அனுப்பினால்தான் அடங்கியது.

மருந்தால் வரும் பரு

காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியசிட், வலிப்புக்குக் கொடுக்கும் பெனிற்ரோயின், லிதியம், ஸ்ரீரொயிட் குளிசை, அளவுக்கு மீறிய விற்றமின் பி12. இவை பருவைக் கிளப்பலாம். அதற்காக ஒரு குளிசையையும் தன்பாட்டில் நிறுத்தவேண்டாம். காசநோய்க் குளிசையை நிறுத்துவது பருவைவிட ஆயிரம் மடங்கு ஆபத்து.

தலையணை உறை வெளுத்ததா?

பயப்படவேண்டாம், அது பரு மருந்தின் வேலை. பென்சொயில் பெரொக்சைட் பற்றீரியாவைக் கொல்வதோடு துணியின் சாயத்தையும் எடுத்துவிடும். 2.5 வீதமே சிவந்த பருவுக்கு 10 வீதத்துக்கு ஈடாக வேலை செய்கிறது, எரிச்சலும் குறைவு. நுண்ணுயிர்கொல்லியைத் தனியாக மாதக்கணக்கில் பாவித்தால் பற்றீரியா அதற்குப் பழகிவிடும். 1970களின் கடைசியிலேயே இதைக் கண்டுபிடித்தார்கள்.

கிள்ளினால் கரி மிஞ்சும்

நம் நிறத் தோலில் பரு மாறினாலும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். கிள்ளினால் இன்னும் ஆழமாக நிற்கும். வெயில் அதைக் கறுக்க வைக்கும். பண்ணைப் பாலத்தில் நிழலுக்கு ஒரு மரமும் இல்லை, குடையோ தொப்பியோ எடுங்கள். தேசிக்காய்ச் சாற்றைப் பூசி வெயிலில் இறங்கினால் தோல் வெந்துபோகக்கூடும். சாட்டிக் கடலில் குளிப்பது சந்தோசத்துக்கு நல்லது. உப்புநீர் மேற்தோலைக் காயவைக்குமே தவிர அடைப்புக்குள் இறங்காது.

பருவோடு வேறு இரண்டு சேர்ந்தால்

மாதவிடாய் ஒழுங்கில்லை, நாடியில் மயிர் முளைக்கிறது, இருபது தாண்டியும் பரு விடவில்லை என்றால் சூலகத்தில் நீர்க்கட்டிக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கல்யாணமாகாத பிள்ளையைப் பெண்நோய் வைத்தியரிடம் கொண்டுபோனால் ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்கிற அம்மாமாருக்கு: ஊர் எப்படியும் ஏதாவது சொல்லும்.

குழி விழும் பருவுக்கு ஒரு குளிசை

1982இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஐசோற்ரெற்றினோயின், கட்டிகட்டியாக வரும் கடும் பருவை அடியோடு மாற்றக்கூடியது. கருவில் உள்ள பிள்ளைக்குக் கடும் ஊனம் தரக்கூடியதும் அதுவே. தோல் வைத்திய நிபுணரின் கண்காணிப்பில் மட்டும் எடுக்கவேண்டும். சிநேகிதியின் மிச்சக் குளிசையை வாங்கி விழுங்கும் பழக்கம் இதில் கூடவே கூடாது.

கிளினிக்குக்குப் போகும்போது

ஊர்காவற்றுறை வைத்தியசாலையில் காட்டி, தேவையென்றால் கடிதம் வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்குப் போகலாம், காசு இல்லை. போகும்போது இதுவரை முகத்தில் பூசின எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். எண்ணெய்ப் போத்தல், சவர்க்கார உறை, புரதத் தூளின் பெயர், கனடாக் கிறீம், கலியாணவீட்டுக்கு முன் வாங்கின பேரில்லாத டப்பா. கடைசியாகச் சொன்னதை ஒளிக்கவேண்டாம், வைத்தியர் முதலில் அதைத்தான் கேட்பார்.